கோஆப்பரேட்டிவ் லேர்னிங்: ‘பங்கிட்டுக் கற்றல்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆசிரியர் ஆளுக்கொரு பகுதி கொடுக்க, சிறு குழுவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிப்பதுதான் கோஆப்பரேட்டிவ் லேர்னிங். அதற்குத் தமிழில் ‘பங்கிட்டுக் கற்றல்’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. அதைப் பற்றி எழக்கூடிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘கூட்டுறவுக் கற்றல்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, போதாதா?

போதாது. மார்த்தாண்டத்தில் நான் எடுக்கும் மாலை ஆங்கில வகுப்பில் அதைப் பலகையில் எழுதியதும், “தேன் சொசைட்டியா சாரே?” என்று கேட்டார்கள். 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய ஊர், வேறு எப்படிக் கேட்பார்கள்? கூட்டுறவு என்றால் சங்கமும் நகைக்கடனும்தான் நினைவுக்கு வருகின்றன.

வகுப்பில் பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்குப் படிக்கும் நர்சுகள். ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லை எடுத்தால், நால்வர் குழுவில் ஆளுக்கொரு சீட்டு கொடுப்பேன்: ஒருவருக்கு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் பொருள், இன்னொருவருக்குப் புண்ணில் வடிவது, அடுத்தவருக்கு பேட்டரி இறங்குவது, நான்காமவருக்குக் கடமை ஆற்றுவது. ஒரே சீட்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து சேர்ந்து படிப்பார்கள். அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். தேர்வு மட்டும் தனித்தனியாக. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், நிறப் பிரிவினை நீங்கி எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது உண்டாக்கிய ‘ஜிக்சா’ முறை இது. பிள்ளைகளுக்காக வந்ததுதான். ஆனால் என் முன்னால் வாயே திறக்காத ஒரு அக்கா, பக்கத்தில் இருக்கும் மூன்று பேரிடம் தயங்காமல் பேசுகிறார். அவர் சீட்டில் உள்ளது அந்த மூவருக்கும் தெரியாதே!

> ‘கூடிக் கற்றல்’ எளிமையாக இருக்கிறது.

ஆமாம். அதை கொலாபரேட்டிவ் லேர்னிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே வேலையைக் குழுவே பிரித்துக்கொள்ளும். இங்கே ஆசிரியர் முன்கூட்டியே ஆளுக்கொரு பகுதி கொடுக்கிறார்.

முதலில் ‘பங்குக் கற்றல்’ என்றுதான் நினைத்தேன். முட்டத்திலிருந்து வரும் ஒருவர், “பங்குன்னா எங்களுக்குக் கோயில் பங்குதான், மறைக்கல்வின்னு நினைப்பாங்க” என்றார். ஒரு கிறிஸ்தவ ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் அமைப்புக்குப் பங்கு என்றும், அங்கே நடக்கும் சமயப் பாடத்துக்கு மறைக்கல்வி என்றும் பெயர். மற்றவர்களுக்குப் பங்குச்சந்தை. ‘பங்கிட்டு’ என்று வினையாக்கினால் இரண்டு குழப்பமும் இல்லை.

> பங்கிட்டால் அவரவர் பங்கோடு போய்விடுவார்களே?

நல்ல கேள்வி, என்னையும் உறுத்தியது. ஆனால் இருக்கிற சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம் என்று சொல்லும்போது, தனித்தனியாகப் போய்ச் சாப்பிட்டதாக யாரும் நினைப்பதில்லை. ‘பிரித்து’ என்பதற்கு இல்லாத உறவு ‘பங்கிட்டு’க்கு இருக்கிறது.

இந்த முறையில் ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்; அந்த இண்டிவிஜுவல் அக்கவுண்டபிலிட்டிக்குத் ‘தன்பங்குப் பொறுப்பு’ என்று வைக்கலாம். ஒருவர் வெற்றி மற்றவர்களையும் நம்பியிருக்கும் நிலையான பாசிட்டிவ் இண்டர்டிபெண்டன்சுக்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘நேர்மறைச் சார்பு’ என்றால் கணக்குப் பாடம் போல இருக்கிறது. கரையில் நின்று இழுக்கும் பெரிய வலையான கரமடியை இழுக்கும்போது இரண்டு பக்கக் கயிற்றையும் ஒரே சீராக இழுக்க வேண்டும், ஒரு பக்கம் தளர்ந்தால் எல்லோருக்கும் மீன் போச்சு. அந்த நிலைக்குக் கரையில் ஏதாவது சொல் இருக்கிறதா? குளச்சல், கடியப்பட்டணம் பக்கத்து நண்பர்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.