போலீட்டுக்குக் ‘குழற்காளான்’ என்று சொல்லலாமா?

போலீட் (bolete) என்ற காளான் வகைக்குத் தமிழில் ‘துளைக்காளான்’ என்று பெயர் வைக்கலாம் என்ற உங்கள் முன்மொழிவைப் படித்தேன், ஐயா. சொல் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்ட மரத்தில் தட்டுத்தட்டாக ஒட்டி வளரும் கெட்டிக் காளான்களுக்கும் அடியில் துளைகள்தான். அந்தப் பெயரை அவற்றுக்கு விட்டுவிடலாம்.

போலீட்டைப் பிரித்துக் காட்டுவது துளைக்கு மேலே இருக்கும், பெரும்பாலும் எளிதில் உரியும் குழலடுக்கு. குடையைத் திருப்பிப் பாருங்கள்: சந்தைக் காளானில் இருக்கும் செவுள் மடிப்புகள் இருக்காது, பஞ்சு மாதிரி ஓர் அடுக்கு இருக்கும். நெடுக்காக வெட்டினால் அது முழுக்க நெருக்கி நிற்கும் மெல்லிய குழல்கள். பெரும்பாலானவற்றில் விரலால் தள்ளினாலே அந்த அடுக்கு குடைச் சதையை விட்டு உரிந்து வந்துவிடும். கெட்டிக் காளானில் அப்படி வராது. ஜெர்மன்காரர்களும் குழலை வைத்தே ‘ரோர்லிங்’ என்கிறார்கள். அதனால் என் தேர்வு ‘குழற்காளான்’. சேர்த்து எழுதத் தயங்குபவர்கள் ‘குழல்காளான்’ என்று எழுதினாலும் பொருள் கெடாது.

அடுத்தது குழற்காளான்களில் ஒரு பிரிவான சுயில்லஸ் (Suillus) பேரினம். பைன் மரத்தடியில் கிடைப்பவற்றில் பல இந்த வகைதான். மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைனின் வேரோடு கூட்டு வாழும் சுயில்லஸ் பிரெவிபெஸ் நீலகிரியிலும் பதிவாகியிருக்கிறது. ஈரத்தில் குடை வழவழவென்று இருப்பதால் ‘வழுக்குக் குழற்காளான்’ எனலாம். ஐரோப்பாவில் விரும்பிப் பறிக்கும் சுயில்லஸ் லூட்டியஸில் பழுப்புக் குடை, மஞ்சள் துளைகள், தண்டில் ஒரு வளையம், வளையத்துக்கு மேலே நுண்புள்ளிகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். வளையத்தின் அடிப்பக்கம் ஊதா நிறம் கலந்திருக்கும். அதே பேரினத்தின் இன்னோர் இனமான சுயில்லஸ் கிரானுலாட்டஸில் வளையமே கிடையாது. இளங்காளானின் துளைகளில் பால் துளிகள் கசியும்.

‘உண்குழற்காளான்’ என்று பொதுப்பெயர் வைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுவோம். சிவந்த துளைகள் கொண்ட நச்சு வகையான சாத்தான் போலீட்டும் குழற்காளான்தான். லூட்டியஸையே வழவழப்பான தோலை உரித்து, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். அப்படியும் சிலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. பெயரை நம்பி ஒருவர் பறித்துச் சமைத்துவிடக் கூடாது.

சரி, இந்தச் சொல்லின் விளக்கத்துக்கு என் வரைவு: குழற்காளான் – குடையின் அடியில் செவுளுக்குப் பதிலாக, பெரும்பாலும் எளிதில் உரியும் குழலடுக்கு கொண்ட சதைப்பற்றுள்ள காளான், உண்ணத்தக்கவையும் நச்சுள்ளவையும் உண்டு.