மார்கழியில் எங்கள் மேளம்: குற்றாலத்திலிருந்து ஆரியங்காவு வரை

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, அதனால் நாதஸ்வரம் ஊதும் நாயனக்காரர் வீட்டுக்கு அது ஓய்வு மாதம் என்று பலர் நினைக்கிறார்கள். செங்கோட்டையில் எங்கள் வீட்டில் அந்த மாதம்தான் உதட்டுக்கு ஓய்வே கிடையாது. அப்பா நாயனம், நான் பக்க நாயனம், சித்தப்பா தவில். அரையாண்டு விடுமுறை விட்டதும் தம்பி தாளத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொள்வான்.

மாதம் பிறக்கும்போதே அச்சன்கோவில் ஐயனின் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகப் போகும். பிறகு அச்சன்கோவில் திருவிழா, குற்றாலத்தில் திருவாதிரைத் திருவிழா, ஆரியங்காவில் திருக்கல்யாணம், நடுவே கன்னிச்சாமி வீடுகளில் பூஜை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும், இப்போது கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவைப் போலவே, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் என்பதால், தாத்தாவுக்கு ஆரியங்காவு வெளியூரே இல்லை. எங்களுக்கும் இன்றுவரை அப்படித்தான்.

திருவாதிரை நட்சத்திரத்தை வைத்து வரும். ஆரியங்காவுத் திருக்கல்யாணத்தை ஒட்டி வரும் மண்டல பூஜையோ கார்த்திகை முதல் தேதியிலிருந்து 41 நாள் கணக்கு. சில வருடங்களில் இரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிடும். அப்படி ஒரு வருடம், இருட்டோடு எழுந்து குற்றாலத்தில் காலை ராகங்களான பூபாளமும் பௌளியும் வாசித்து, சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரியும் முடித்துவிட்டு நேரே ஆரியங்காவுக்குக் கிளம்பினோம். புளியரை தாண்டி, கோட்டைவாசல் ஏற்றத்தில் சபரிமலை வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வேன் நகரவில்லை.

அந்த நேரத்தை அப்பா வீணாக்கவில்லை. நாயனத்தின் நுனியில் செருகி ஊதும், காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளிகள் ஈரக்காற்று பட்டால் குணம் மாறிவிடும். கொத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் நனைத்து, குச்சியை உள்ளே விட்டு இதழைப் பதமாக விரித்து, ஊதிப் பார்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தார். தேறியவை இரண்டுதான். சித்தப்பாவின் கவலை, தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடு. துணிக் கீற்றில் பசை தடவிச் சுற்றிய கூடு வெயில் இல்லாமல் காயவில்லை என்று அம்மா அடுப்படியில் வைத்து உலர்த்திக் கொடுத்திருந்தார்.

ஆரியங்காவில் ஐயன் மணக்கும் புஷ்கலை சௌராஷ்டிரர் வீட்டுப் பெண். பெண் வீட்டாராக மதுரையிலிருந்து அவர்கள் சீர்வரிசையோடு வருவார்கள். அன்று இரவு எல்லாம் முடிந்து வெளிப்பந்தலில் நாயனத்தின் உறையை எடுத்தபோது, அவர்களில் ஒரு பெரியவர் அப்பாவிடம் வந்தார்.

“ஐயா, என் மகள் கல்யாணத்தில் எல்லோரும் சினிமாப் பாட்டுதான் வாசிக்கச் சொன்னார்கள். இங்கேயாவது ஒரு தோடி கேட்டுவிட்டுப் போகிறேனே.”

அப்பாவின் கீழுதடு அப்போதே வெடித்திருந்தது. “உட்காருங்கள்” என்று மட்டும் சொன்னார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆலாபனை. காந்தாரத்தை அசைத்து அசைத்து அங்கேயே நின்றார், அடுத்த சுரத்துக்குப் போக அவருக்கு அவசரமே இல்லை. செண்டைக்காரர்கள் செண்டையைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள்.

நல்ல ரசிகர் கிடைத்தால் களைப்பே தெரியாது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுநாள் காலை அப்பாவால் சூடாக ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. அன்றைய வாசிப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு நாயனம் இருப்பது எதற்காக என்று அன்று எனக்கு நன்றாகவே விளங்கியது. இப்போது மேளம் பேச வருகிறவர்களில் பாதிப் பேர் “ஒரு நாயனம், ஒரு தவில் போதுமே” என்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். பந்தல் விளக்கில் நாலு சரம் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஆளை மூன்று மணி நேரம் ஊத வைக்காதீர்கள்.

அந்த மதுரைப் பெரியவர் கார்த்திகை பிறந்ததும் தவறாமல் போன் செய்கிறார். இந்த வருடம் காம்போதி கேட்டிருக்கிறார். முன் நாயனம் நான்தான் என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டார். இப்போது தினமும் விடிகாலைச் சாதகம் காம்போதியில்தான் நடக்கிறது.