மறு: படிநிலையா, படிமுறையா, படிப்படியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் இயந்திரத்தின் வேலைகளை ஒவ்வொன்றாகத் தானே இயங்கும்படி மாற்றுவதற்கு (படிப்படியான ஆட்டோமேஷன்) என்ன தமிழ்ச்சொல் என்று பேசத் தொடங்கி 4 நாளில் 17 மடல் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும், அதனால் என் பக்கத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோமேஷனுக்குத் தானியக்கமா, தன்னியக்கமா என்ற சண்டையை விட்டுவிடலாம். 'தான்' வேற்றுமை ஏற்கும்போதுதான் 'தன்' ஆகும் என்பது சரி, ஆனால் தன்வினை என்று இலக்கணமே சொல்கிறதே. இலங்கையில் தன்னியக்கம் ஊன்றிய சொல். எனக்கு உறுத்துவது வேறு. நடுங்கு நடுக்கம் ஆவதுபோல இயங்கு இயக்கம் ஆகிறது, இயக்கு என்பதற்கும் அதே இயக்கம்தான். தானே ஓடுவதா, ஓட வைப்பதா என்று மாணவனுக்குத் தெரியாது. அதனால் 'ஆக்கல்' சேர்த்தே ஆகவேண்டும், நீளம் என்றாலும்.

புறநானூற்று 'வலவன் ஏவா வான ஊர்தி' (ஓட்டுபவன் செலுத்தாத வான வண்டி) என்ற தொடரிலிருந்து 'ஏவாவினை' என்று ஐயா தந்தது அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்தியில் வலவனே வேண்டாம். நம் பாடம் வலவன் இன்னும் இருக்கையில் இருக்கும் கட்டத்தைப் பற்றியது.

எங்கள் ஒர்க்‌ஷாப் லேத், அதாவது கடைசல் இயந்திரத்தைப் பாருங்கள். பையன் உருப்படியைப் பிடிக்கும் சக்குக்குச் சாவி போட்டு இறுக்குகிறான், ஒவ்வொரு உருப்படிக்கும். முதலில் அதை எடுத்துவிட்டுக் காற்றழுத்தச் சக் வைக்கிறோம், காலால் மிதித்தால் பிடித்துக்கொள்ளும், வெட்டும் டூலை நகர்த்துவது இன்னும் கையால்தான். சில வாரம் ஓட்டி, எந்த உருப்படி நழுவுகிறது, எதற்கு எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்த பிறகுதான் டூலை நகர்த்தச் சிலிண்டர். உருப்படியை எடுத்து மாட்டுவது கடைசிவரை கையிலேயே இருக்கலாம், அப்போதும் செய்த வேலை வீண் இல்லை. ஒவ்வொரு படியும் தனியாக நின்று பயன் தரும் என்பதுதான் இதன் உயிர், அது சொல்லில் தெரிய வேண்டும்.

படிநிலை என்றால் அதிகாரப் படிநிலை நினைவுக்கு வரும். படிமுறையைக் கணினிக்காரர்கள் அல்காரிதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சுவது 'படிப்படி'. அடுக்குத்தொடரைக் கலைச்சொல்லாக்குவது பேச்சுவழக்கு வாடை என்று சென்ற மடலில் வந்தது. வாடை இருக்கட்டும், பையனுக்குக் கேட்டவுடன் புரிகிறதே!

'படிப்படித் தானியக்கமாக்கல்' என்றே கொடுக்கப்போகிறேன். 5 பேர் சரி என்றீர்கள், ஐயாவும் இன்னொருவரும் ஒப்பவில்லை என்பதையும் அடிக்குறிப்பில் எழுதுகிறேன், ஏவாவினையோடு சேர்த்து. நடுவில் அந்தத் 'த்' மிகுமா என்பதை மட்டும் வியாழன் இரவுக்குள் யாராவது உறுதி செய்யுங்கள்.