சிப்பத்துக்கு 52 ரூபாய் 40 காசு: ஊக்கத்தொகை யார் கைக்குப் போகிறது?

கடைமடைக்காரன் (திருத்துறைப்பூண்டி பக்கம்)

ஒரு சின்னக் கணக்கு. 2025-26 பருவத்துக்குச் சாதா ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டால் 2,500 ரூபாய். இதில் மத்திய அரசின் ஆதரவு விலை 2,369. மீதி 131 மாநில அரசு தன் பணத்தில் போடும் ஊக்கத்தொகை. நாம் எடை போடுவது 40 கிலோ சிப்பம். ஆக, ஒரு சிப்பத்துக்கு மாநில அரசு தருவது 52 ரூபாய் 40 காசு.

என் 6 மா (சுமார் 2 ஏக்கர்) குறுவை நெல்லில் 92 சிப்பம் தேறியது. கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு 40 ரூபாய் லஞ்சம் கேட்டார்கள், கொடுத்தேன். மொத்தம் 3,680. ஊக்கத்தொகையாக வந்தது 4,820 ரூபாய் 80 காசு. எனக்கு மிஞ்சியது 1,140 சொச்சம். அரசு அறிவித்த தொகையில் நாலில் மூன்று பங்கு எங்கள் ஊர்க் களத்துமேட்டிலேயே கரைந்துவிட்டது.

என் கேள்வி இதுதான்: அரசு கணக்கில் அந்த 131 முழுசாக விவசாயிக்குக் கொடுத்ததாகத்தானே இருக்கும்?

பட்டியல் எழுத்தர் மகன் (நீடாமங்கலம்)

அண்ணே, வாங்குவது தப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 40 ரூபாய் எங்கே போகிறது என்று நீங்கள் பார்த்ததில்லை. எங்கப்பா கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்கிக் கணக்கு எழுதும் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருந்தவர், நான் பார்த்திருக்கிறேன்.

17 சதவீத ஈரப்பதத்தில் வாங்கிய நெல்லை ஏற்ற லாரி வராது. பதினைந்து நாள் வெயிலில் கிடந்தால் நெல் காய்ந்து எடை குறையும். கிடங்கில் எடை போடும்போது குறைந்த கிலோவுக்கு யார் பணம் கட்டுவது? நெல்லை வாங்கிய எழுத்தர்தான். லாரி சீக்கிரம் வர வேண்டுமென்றால் அதற்கு ஒரு மாமூல். சுமை தூக்குபவருக்குக் கிடைக்கும் கூலி அந்த வேலைக்குப் போதாது, அதற்கும் விவசாயியிடமே கை நீள்கிறது. எல்லாம் போக அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரிய தொகை இல்லை. ஒரு வருடம் அம்மாவின் தோட்டை அடகு வைத்து எடைக் குறைவுக்குக் கட்டினோம்.

சிறுவாணி_தண்ணி (கோயம்புத்தூர்)

டெல்டா நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இலவச மின்சாரம், கடன் தள்ளுபடி (2021-ல் மட்டும் 12,110 கோடி), குறுவைச் சாகுபடிக்கு மானியத் தொகுப்பு, அதற்குமேல் ஊக்கத்தொகை. வருமான வரியும் கிடையாது. 2022-ல் எங்களுக்குச் சொத்து வரி ஏறியது, அதே வருடம் மின் கட்டணமும் ஏறியது. கட்டுகிறவன் கணக்குக் கேட்டால் நியாயம். வாங்குகிறவரே, அதுவும் லஞ்சத்தைத் தானே கொடுத்துவிட்டு, கணக்குக் கேட்பது எப்படி?

கடைமடைக்காரன்

சரி, நான் கட்டும் வரியையும் சொல்கிறேன். இலவச மின்சாரம் மோட்டார் வைத்திருப்பவருக்கு. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் வந்தாலும் வயலில் ஏறாது, ஆயில் இன்ஜின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். அதற்கு வாங்கும் டீசலில் மாநில வரி 11 சதவீதம், மேற்கொண்டு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. உழவு டிராக்டர், அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி எல்லாம் அதே டீசல். பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் கடை வைத்திருந்தால் வாங்கும்போது கட்டியதை விற்கும்போது கழித்துக்கொள்வீர்கள். நெல்லுக்கு வரி இல்லாததால் எனக்குக் கழிக்க வழியே இல்லை, அப்படியே செலவில் சேரும்.

லஞ்சம் கொடுத்தது உண்மை. வானம் இருட்டிக்கொண்டு நிற்கும்போது நெல்லைக் கொட்டிவைத்துக் காவல் காத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சிறுவாணி_தண்ணி

டீசல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கொடுப்பது கம்மி, வாங்குவது ஜாஸ்தி என்பது மாறவில்லை.

மன்னார்குடி மருமகள்

இருவருக்கும் ஒன்று. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை என் கணக்குக்கு வருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து அதில் ஒருவரும் பத்து ரூபாய்கூட என்னிடம் கேட்டதில்லை. நெல் பணமும் வங்கிக்குத்தான் வருகிறது, ஆனால் அதற்கு முன்னால் தராசு இருக்கிறது, ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கிறது, அந்த இரண்டையும் கையில் வைத்திருக்கும் ஆள் இருக்கிறார். 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேதான் பணம் கை மாறுகிறது. இதை இலவசம், மானியம் என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. (அந்த ஆயிரம் எங்கள் தெருவில் பல வீடுகளில் டாஸ்மாக் போய்ச் சேர்கிறது, அது தனிக் கதை. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி. அடுத்த வருடம் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி.)

கணக்கு வாத்தியார் (மயிலாடுதுறை)

வாய்க்கால் தூர்வாரலை விட்டுவிட்டீர்களே. 2022-ல் டெல்டாவுக்கு 80 கோடி, 4,964 கிலோமீட்டர் என்றார்கள். வகுத்தால் கிலோமீட்டருக்கு 1 லட்சத்து 61 ஆயிரம். ஆனால் ஆறும் சின்னக் கன்னி வாய்க்காலும் ஒரே செலவா? சராசரி எதையும் சொல்லாது. எந்த வாய்க்கால், எத்தனை மீட்டர், எத்தனை அடி ஆழம் என்ற பட்டியல் எங்கள் ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட்டு நான் பார்த்ததில்லை. பெரிய வாய்க்கால்களான ஏ, பி வாய்க்கால் வரை பொக்லைன் வருகிறது. வயலுக்குத் தண்ணீர் விடும் சி, டி வாய்க்காலில் கோரையும் வெங்காயத்தாமரையும் அப்படியே நிற்கின்றன.

இதில் ஏமாற்றுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கட்டடத்தில் சிமெண்ட் குறைந்தால் பத்து வருடம் கழித்தும் கண்டுபிடிக்கலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஒரு வாரத்தில் இங்கே எல்லா அளவும் தண்ணீருக்கு அடியில். தணிக்கைக்காரர் வரும்போது புது வண்டல் சேர்ந்திருக்கும்.

2021 ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை போட்டு, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று மாநில அரசுதான் சொன்னது. நல்ல காரியம். கடனைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சொல்ல முடிந்தவர்களால் செலவை வாய்க்காலுக்கு இவ்வளவு என்று சொல்ல முடியாதா?

பட்டியல் எழுத்தர் மகன்

வாத்தியார் ஐயா, எம்-புக் (செய்த வேலையின் அளவை எழுதும் புத்தகம்) இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம்.

கணக்கு வாத்தியார்

போட்டேன் தம்பி. நகல் கைக்கு வந்தபோது சம்பா கதிர் முற்றிவிட்டது. கிராம சபையில் கேட்கலாம் என்றால், 2025 ஜனவரியோடு நம் பக்கத்துத் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது ஊராட்சி. அவர் என் ஓட்டுக்காகக் காத்திருப்பவர் இல்லை.

பட்டியல் எழுத்தர் மகன்

அது சரிதான். கொள்முதலுக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று: லாரி தாமதத்தால் குறையும் எடையை எழுத்தர் தலையில் கட்டாதீர்கள். அதைச் செய்யாமல் கேமரா வைத்தாலும் பறக்கும் படை விட்டாலும் 40 ரூபாய் 50 ரூபாயாக ஆகும், அவ்வளவுதான்.

கடைமடைக்காரன்

அதில் உடன்படுகிறேன் தம்பி. ஆனால் உங்கப்பாவுக்கு வந்த நஷ்டத்தை நான் ஏன் கட்ட வேண்டும்? பக்கத்து வயல் என் மச்சானுடையது, நாளைக்கு அவர் நெல் எடைக்குப் போகிறது. பணம் கொடுக்காமல் நின்று பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

பட்டியல் எழுத்தர் மகன்

தார்ப்பாய் இரண்டு எடுத்துப் போங்கண்ணே. மழை அறிவித்திருக்கிறார்கள்.