அப்பாவோடு பார்க்க ஒரு போலீஸ் சீரிஸ் சொல்லுங்க (சைக்கோ கொலையாளி வேண்டாம்)

ரைட்டர் மகள்:

வணக்கம். எங்க அப்பா போலீஸ்ல ஸ்டேஷன் ரைட்டரா 19 வருஷம் இருந்தவர். துரத்திப் பிடிச்ச போலீஸ் இல்ல, உக்காந்து எழுதின போலீஸ். ரிட்டயர் ஆகியும் பேனா இல்லாம சட்டை போட மாட்டார்.

போன மாசம் கண்புரை ஆபரேஷன். ஒரு வாரம் டிவி பக்கம் திரும்பாதீங்கன்னு சொல்லிட்டாங்க. மனுஷன் வீட்டை ரெண்டாக்கிடுவாரேன்னு பயந்து, கறுப்புக் கண்ணாடியோட பக்கத்துல உக்கார வெச்சுட்டு நான் 'டெல்லி க்ரைம்' முதல் சீசனைப் போட்டேன். அவருக்கு இந்தி தெரியாது. நான் சப்டைட்டிலை வாசிச்சு தமிழ்ல சொல்லணும், நடுவுல சொட்டு மருந்தும் விடணும். ஏழு எபிசோடையும் அப்படியே காதாலயே பார்த்தார்.

2012 டிசம்பர்ல டெல்லியில நடந்த அந்தக் கொடுமையைப் பத்தின சீரிஸ்னு எல்லாருக்கும் தெரியும். நல்லவேளை, அந்தச் சம்பவத்தைக் காட்டல. அடுத்த சில நாள்ல போலீஸ் என்ன செஞ்சதுன்னு மட்டும் காட்டுறாங்க. ஷெஃபாலி ஷா நடிச்ச அந்த டிசிபி வர்த்திகா வீட்டுக்கே போகாம ஸ்டேஷன்லயே கிடக்குறாங்க. ஒவ்வொரு எபிசோட் முடியும்போதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

கண் சரியானதும் 'பாதாள் லோக்'. ஆரம்பத்துலயே ஹாத்திராம் சவுத்ரி, சொர்க்கம், பூமி, பாதாளம்னு டெல்லியை மூணாப் பிரிச்சு ஜூனியருக்குப் பாடம் எடுப்பார். சாஸ்திரத்துல எழுதியிருக்காம், ஆனா இவர் படிச்சது வாட்ஸ்அப்ல. அப்பா சிரிச்ச சிரிப்புல தையல் பிரிஞ்சிடுமோன்னு ஆயிடுச்சு. அதுல கெட்ட வார்த்தை ஏராளம். அங்கங்க நான் வாசிக்கிறதை நிறுத்தினேன். "ஏன் நிறுத்துற? அதெல்லாம் நான் கேட்டு எழுதாம விட்டதுதானே"ன்னுட்டார்.

கேஸை சிபிஐக்குக் கொடுத்து ஹாத்திராமை சஸ்பெண்ட் பண்றப்ப மட்டும் கொஞ்ச நேரம் பேசல.

இனிமேதான் பிரச்சினை. அடுத்தடுத்து நாலஞ்சு சீரிஸ் போட்டேன், எதுவும் தேறல. நாலாவது எபிசோட் வந்தா கொலைகாரனோட சின்ன வயசுக்குப் போயிடுறாங்க. குடிகார அப்பா, கிணத்துமேடு, மழை, சோகமா வயலின். அந்த மழை ஆரம்பிச்சதும் அப்பா பாத்ரூம் போயிடுவார். 'பாதாள் லோக்'லயும் கொலைகாரனுக்குப் பின்கதை உண்டே, அதுக்கு மட்டும் ஏன் உக்காந்திருந்தீங்கன்னு கேட்டேன். "அது போலீஸ் ஊர் ஊரா அலைஞ்சு கொண்டு வந்த கதை. இது டைரக்டர் கொண்டு வந்து கொடுக்கிற கதை"ன்னார். அதுக்கு மேல நான் எந்த விமர்சனத்தைப் படிக்கிறது?

'சுழல்' முதல் சீசன்ல மயானக்கொள்ளைத் திருவிழா வர்ற இடமெல்லாம் ரசிச்சார். ஸ்ரேயா ரெட்டி இன்ஸ்பெக்டரா வந்து நின்ன தோரணையும் பிடிச்சுது. ஆனா எபிசோடுக்கு ஒரு ஆள் மேல சந்தேகத்தைத் திருப்பித் திருப்பி விட்டதுல, "ஊர்ல பாக்கி யாரு, நானா?"ன்னு எழுந்து போயிட்டார்.

அதனால கேக்குறேன். எபிசோட் குறைவா, போலீஸ் வேலை நிறைய இருக்கிற சீரிஸ் எதாவது? எந்த மொழின்னாலும் சரி, வாசிக்க வாய் இருக்கு.

குளச்சல் காத்து:

அக்கா, யோசிக்காம 'கேரளா க்ரைம் ஃபைல்ஸ்' முதல் சீசன் போடுங்க. மலையாளம், ஆறே எபிசோட். எங்க ஊர்ப் பக்கம் சப்டைட்டில் இல்லாமலே பார்ப்போம், உங்க அப்பாவுக்கும் பாதி புரியும்.

2011ல எர்ணாகுளத்துல ஒரு சாதாரண லாட்ஜ். பாலியல் தொழில் செய்யுற ஒரு பெண் அங்க செத்துக் கிடக்குறா. கூட வந்தவன் லெட்ஜர்ல ஒரு வரி எழுதிட்டுப் போயிருக்கான்: ஷிஜு, பாறயில் வீடு, நீண்டகரை. அது பொய் அட்ரஸ். அந்த ஒத்தை வரியைத் தூக்கிட்டுத்தான் ஆறு எபிசோடும் அலையுறாங்க. லால் இன்ஸ்பெக்டர், அஜு வர்கீஸ் எஸ்ஐ. ஹீரோயிசம் சுத்தமா கிடையாது. எஸ்ஐக்கு வீட்ல ஒரு பிரச்சினை ஓடும், அதையும் இழுக்காம விட்டுடுவாங்க.

ரெண்டாவது சீசன் காணாமப் போன ஒரு போலீஸ்காரரைத் தேடுற கதை. முதல்ல இதை முடிங்க.

புல்லட் பாண்டி:

மிர்சாபூர் பாக்கலையா? அதைவிட மாஸ் எதுவும் இல்ல.

ரைட்டர் மகள்:

தம்பி, ரெண்டு எபிசோட் பார்த்தோம். "இந்த ஊருக்கு போலீஸ் ஸ்டேஷனே சாங்ஷன் ஆகலையா?"ன்னு கேட்டுட்டுப் படுக்கப் போயிட்டார்.

பழைய கோர்ட் பறவை:

அரசு வக்கீல் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவன் நான். உங்க அப்பா கிட்ட ஒண்ணு கேளுங்க. எல்லா சீரிஸும் எங்க முடியுது? விசாரணை ரூம்ல. மேல ஒத்தை பல்பு, குற்றவாளி அழுதுகிட்டே எல்லாத்தையும் ஒப்புக்குவான், கேஸ் முடிஞ்சுதுன்னு பேர் ஓடும். எங்களுக்கு வேலையே அங்கதான் ஆரம்பிக்கும். போலீஸ் கிட்ட கொடுத்த வாக்குமூலத்தை அவனுக்கு எதிரா கோர்ட்ல நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்துல 25வது பிரிவு. 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல நம்பர் மாறியிருக்கு, விஷயம் அதேதான். அவன் சொன்னதை வெச்சுப் போய்க் கத்தியை எடுத்தா, அந்த எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. அதான் 27வது பிரிவு. இந்த 'ரெக்கவரி'ல மகஜர் சாட்சி (பொருளை எடுத்தப்ப கூட இருந்து கையெழுத்துப் போட்டவன்) பல்டி அடிச்சு எத்தனை கேஸ் ஊத்திக்கிட்டதுன்னு ஒரு சீரிஸ் எடுத்தா நான் காசு கட்டிப் பார்ப்பேன்.

அதுவரைக்கும் 'விலங்கு' பாருங்க. தமிழ், ஏழு எபிசோட். திருச்சி பக்கத்து ஸ்டேஷன், விமல்தான் எஸ்ஐ. அழுகின பிணத்துக்குக் காவல் வெச்சிருக்கும்போதே தலையைக் காணோம். பாராவில நின்னவனைக் காப்பாத்துறதா, கேஸைக் காப்பாத்துறதான்னு ஸ்டேஷனே முழிக்கும். அந்த இடத்துல உங்க அப்பா ரிமோட்டைப் பிடுங்கி பாஸ் பண்ணிட்டுத் தன் கதையைச் சொல்ல ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல.

உசிலம்பட்டிக்காரி:

எல்லாரும் கோவிச்சுக்காதீங்க. போலீஸ் வீட்டுக்குப் போகாம உழைக்கிறதையே பார்த்துட்டு இருந்தா, உள்ள உக்கார வெச்சவங்க கதை எப்ப வரும்? 'டெல்லி க்ரைம்' முதல் சீசன்ல எனக்கு இருந்த குறையே அதுதான். சர்வதேச எம்மி விருது வாங்கின முதல் இந்திய சீரிஸ், நடிப்பெல்லாம் பிரமாதம், சரி. ஆனா வெளியில கோபத்தோட நின்ன ஜனங்க, போலீஸ் வேலைக்கு இடைஞ்சல் மாதிரியே தெரியுறாங்க.

ரெண்டாவது சீசன்ல அதைக் கொஞ்சம் சரி பண்ணினாங்க. வயசானவங்களை ஒரு கும்பல் கொல்லுது. கச்சா பனியன் கும்பல் (ஜட்டி, பனியனோட வந்து கொள்ளையடிக்கிறவங்க) மாதிரி இருக்குன்னதும், ரிட்டயர் ஆன ஒரு அதிகாரி வந்து, சீர்மரபினர் (ஒரு காலத்துல குற்றப் பரம்பரைன்னு முத்திரை குத்தப்பட்டவங்க) குடியிருப்புல போய் ஆளை அள்ளுங்கன்னு யோசனை சொல்வார். பிறந்த சாதியை வெச்சே சந்தேகம். எங்க ஊர்ல அதுக்குப் பேர் ரேகைச் சட்டம். 1871ல வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம். 1920 ஏப்ரல் 3ம் தேதி பெருங்காமநல்லூர்ல கைரேகை வைக்க மாட்டோம்னு நின்னவங்களைச் சுட்டாங்க, நினைவுத் தூண் இன்னும் நிக்குது. எங்க அப்பத்தா, ராத்திரி ஸ்டேஷன்ல போய்ப் படுத்துட்டு வந்த ஆம்பளைங்க கதையைச் சொல்லும். அந்த எபிசோடை என்னால முதுகைச் சாய்ச்சு உக்காந்து பார்க்க முடியல.

'தஹாட்'லயும் ஒரு சின்ன விஷயம். சோனாக்ஷி சின்ஹா எஸ்ஐயா நடந்து போறப்பல்லாம் அதே ஸ்டேஷன்ல ஒருத்தன் ஊதுபத்தி கொளுத்துவான். காரணம், அவங்க சாதி. எட்டு எபிசோட், கொலைகாரன் யாருன்னு சீக்கிரமே தெரிஞ்சிடும், நடுவுல இழுவைதான். ஆனா அந்த ஊதுபத்திக்காகவே பார்க்கலாம். அப்பா என்ன சொன்னார்னு மறக்காம எழுதுங்க.

ரைட்டர் மகள்:

நன்றி எல்லாருக்கும். உசிலம்பட்டி அக்கா எழுதினதை அப்பாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். எதிர்த்து ஒண்ணும் சொல்லல. "கேடி லிஸ்ட் நோட்டும் நான் எழுதினதுதான்"னு மட்டும் சொன்னார். அப்புறம் எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னாடி எதையோ தேடினார், கிடைக்கல போல, வந்து உக்காந்தார். 'தஹாட்' அடுத்து பார்க்கலாம்னு அவரேதான் சொன்னார்.

கோர்ட் பறவை சாருக்கு ஒரு செய்தி: "பல்டி அடிச்ச சாட்சியில பாதிப் பேரு டீக்கடையில பிடிச்சிட்டு வந்த ஆளு, அவரைக் கேளு"ங்கிறார்.

நேத்து ராத்திரி 'கேரளா க்ரைம் ஃபைல்ஸ்' முதல் எபிசோட். அந்த லெட்ஜர் வந்ததும் பாஸ் பண்ணச் சொல்லி, மூக்கு டிவியில முட்டுற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். மலையாள எழுத்து, அவருக்குப் படிக்கவே தெரியாது. அப்புறம் ஒரு மணி நேரம் லாட்ஜ் செக்கிங் கதைதான். பொய் அட்ரஸ் எழுதுறவன் ஊர் பேரை ஒழுங்கா எழுதுவானாம், கதவு நம்பர்லதான் யோசிப்பானாம். பேனா ஒரு நொடி நின்ன இடத்துல மை கொஞ்சம் ஊறியிருக்கும், அதைத்தான் பார்க்கணுமாம். "இப்பல்லாம் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிடுறாங்கப்பா"ன்னேன். "ஜெராக்ஸ்ல மை ஊறாதே"ன்னார்.

ஒரு எபிசோட் பார்த்து முடிக்க ராத்திரி பதினொன்றரை ஆயிடுச்சு. இன்னைக்கு ஏழரைக்கே சாப்பிட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்திருக்கார், பாத்திரம் கழுவிட்டுப் போகணும்.