மறு: காசியலில் ஓவர்ஸ்ட்ரைக் (overstrike) என்பதற்குத் தமிழில்?

> “மறு அச்சு” இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

அது சரிவராதுங்க ஐயா. மறு அச்சு என்றால் புத்தகம்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு: ஏற்கெனவே ஒருவர் அடித்துப் புழக்கத்தில் விட்ட காசை உருக்காமல் அப்படியே வைத்து, அதன்மேல் இன்னொருவர் தன் முத்திரையை அடிப்பது.

பைசாந்திய வெள்ளிக்காசில் இது அடிக்கடி கண்ணில் படும். பேரரசர் மூன்றாம் லியோ 720-இல் தன் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைனுக்கும் முடிசூட்டியபோது தொடங்கிய மிலியரேசியன் என்ற வெள்ளிக்காசையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் முகமே கிடையாது. ஒரு பக்கம் படிகள்மேல் சிலுவை, சுற்றி ‘இயேசு கிறிஸ்து வெல்கிறார்’ என்ற வாசகம், மறுபக்கம் இரண்டு பேரின் பெயரும் ‘இறையருளால் அரசர்கள்’ என்பதும் ஐந்து வரியில். உமய்யாத் என்ற அரபு அரசமரபின் வெள்ளிக்காசான திர்ஹத்தைப் பார்த்துச் செய்த அமைப்பு, பல காசுகள் திர்ஹத்தின் மேலேயே அடித்தவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் லியோவின் பெயருக்கு நடுவே கூஃபி என்ற பழைய அரபு எழுத்தின் கோடு ஒன்று தலைநீட்டும். வாசகமே கிரேக்கமும் லத்தீனும் கலந்தது, புதிதாகப் படிப்பவர் இந்தக் கோட்டையும் சேர்த்து எழுத்துக்கூட்டித் திணறுவார்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். மேலே விழுந்ததற்கு மேலச்சு, அடியில் மிஞ்சியதற்கு அடியச்சு என்பது என் யோசனை. ‘பிழையச்சு’ மட்டும் வேண்டவே வேண்டாம், ‘பிழைக்காசு, அபூர்வம்’ என்று விலையேற்றுபவர்களுக்கு நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடும். அரிதா இல்லையா என்பதை அதிலுள்ள பெயர்தான் சொல்லும். லியோ–கான்ஸ்டன்டைன் காசு ஓரளவு கிடைக்கும். இடையில் அரியணையைப் பிடித்து 743-இல் வீழ்ந்த ஆர்ட்டவாஸ்டஸ் காசு லேசில் சிக்காது.

> மேலச்சு, அடியச்சு

பிழையச்சு வேண்டாம் என்பதில் உடன்பாடே. ஆனால் காசு அடிக்கும் பட்டறையில் அச்சு என்றால் டை (die), அதாவது காசில் உருவத்தைப் பதிக்கும் கருவி. மேலச்சு என்றால் சுத்தியலடி வாங்கும் மேல் டை, அடியச்சு என்றால் பட்டடையில் பதித்த கீழ் டை என்றுதான் புரிந்துகொள்வார்கள், அந்த இரண்டுக்கும் நமக்கு வேறு சொல்லும் இல்லை. காசு ‘அடிக்கிறது’ என்றுதானே பேச்சில் சொல்கிறோம், அதிலிருந்தே மேலடிப்பு என்று வைத்துக்கொண்டு, கீழே இருப்பதைக் கீழ்க்காசு என்று விட்டுவிடலாம். மகாராஷ்டிரத்து ஜோகல்தெம்பிப் புதையலில் கிடைத்த வெள்ளிக்காசுகளுக்கும் அது பொருந்தும்: சக அரசன் நகபானன் அடித்தது கீழ்க்காசு, அவனை வென்ற சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி அதன்மேல் அடித்தது மேலடிப்பு.