இந்த விண்கலப் பொம்மை எந்தக் கம்பெனி?

கீழக்கரை வீட்டுப் பரணில் கிடைத்தது. வார்ப்பு உலோக விண்கலம், உள்ளங்கை நீளம், நல்ல கனம். எழுபதுகளின் கடைசியில் வாப்பா சிங்கப்பூரிலிருந்து எனக்காக வாங்கி வந்தது. அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' மட்டும்தான் படிக்க முடிகிறது, பெயரை உப்புக்காற்று தின்றுவிட்டது. டிங்கி என்ற இங்கிலாந்துப் பொம்மைக் கம்பெனியாக இருக்குமோ? அவர்களின் லிவர்பூல் ஆலை 1979இல் மூடியது, காலம் ஒத்துப்போகிறது.

இடது இறக்கையில் பச்சை பெயின்ட் உரிந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துத்தநாகக் கலவை ஆச்சே, வினிகர், எலுமிச்சை எதுவும் போடவில்லை, அமிலம் அரித்துவிடும். மிச்சமுள்ள பெயின்ட் போகாமல் பொடியை மட்டும் எடுக்க வழி உண்டா? அப்புறம், இந்த மாதிரிப் பொம்மையின் பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ரிவிட்டை (தட்டி இறுக்கிய ஆணி) துளைத்துத் திறந்த அனுபவம் உள்ளவர்கள் ராமநாதபுரம், மதுரை பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நேரிலேயே கொண்டு வருகிறேன். வாப்பா வாங்கித் தந்த பொருள், எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.